வீட்டுக் கொல்லையில் தேன்சிட்டைப் படம் எடுப்போம்

காலை வேளையில் வீட்டுக் கொல்லையில் பூத்திருக்கும் செம்பருத்திச் செடியைச் சற்றே உற்று நோக்குங்கள். வளைந்த அலகும் மஞ்சள் வயிறும் உடைய சின்னஞ்சிறு பறவை ஒன்று பறந்து வந்து தேன் அருந்தும். அதுவே தேன்சிட்டு. மலாய் மொழியில் இதனைக் ‘கெலிச்சாப்’ என்பர்.

இதனை ரீங்காரச் சிட்டு எனப் பலர் தவறாக எண்ணுகின்றனர். ரீங்காரச் சிட்டு அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்வது. அஃது அந்தரத்தில் நின்றவாறே தேன் உண்ணும், பின்னோக்கியும் பறக்கும். நம் தேன்சிட்டோ பெரும்பாலும் கிளையையோ காம்பையோ பற்றி அமர்ந்துதான் உண்ணும். அவ்வாறு அமரும் சில விநாடிகளே படம் எடுப்போர்க்கு வாய்த்த நல்ல நேரம்.

பறவையைத் துரத்திச் செல்வதால் பயன் இல்லை. அஃது எந்தப் பூவை நாடி மீண்டும் மீண்டும் வருகிறது என்பதை இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். செம்பருத்தி, இட்லிப்பூ, வாழைப்பூ ஆகியவற்றில் அதனைக் காணலாம். பின்னர், கதிரவன் நம் முதுகுப்புறம் இருக்குமாறு சன்னல் ஓரத்தில் அசையாது காத்திருத்தல் வேண்டும். கைப்பேசி உடையோர் அதனைப் பூவின் அருகே ஒரு முக்காலியின்மேல் நிறுத்தி, காணொளியாகப் பதியவிட்டு விலகி நிற்கலாம். புகைப்படக் கருவி உடையோர் ஷட்டர் வேகத்தை விநாடியின் 1000இல் ஒரு பங்காக அமைத்தால், அமர்ந்திருக்கும் சிட்டு பெருமளவு தெளிவாக விழும்.

ஒளியின் திசை ஏன் முக்கியம்? ஆண் சிட்டின் கழுத்தில் மின்னும் கருநீலம், இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றுவது. ஒளி உரிய திசையிலிருந்து படாவிடில், படத்தில் கழுத்து கறுப்பாகவே தெரியும். பெண் சிட்டிற்கு இந்த நீலம் இல்லை. தொண்டையிலிருந்து வயிறு வரை மஞ்சளே.

அந்தப் பெண் சிட்டுதான் தனித்து அடைகாக்கிறது. புல், நார், சிலந்தி நூல் கொண்டு பின்னிய அதன் கூடு, வாசலில் தொங்கும் செடியிலும் துணிக் கயிற்றிலும்கூடப் பைபோல் தொங்கும். கைக்கு எட்டும் உயரத்தில் கூட்டைக் கண்டால் அருகே செல்ல ஆசை எழுவது இயல்பே. எனக்கும் எழுந்தது. ஒருமுறை, கூட்டை மறைத்திருந்த இரண்டு இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு மிக அருகில் நின்று படம் எடுத்தேன். படம் தெளிவாகத்தான் வந்தது. ஆனால், தாய்ச் சிட்டு அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. முட்டைகள் இரண்டும் குளிர்ந்து கிடந்தன. அந்தப் படத்தை எவரிடமும் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே மாணவர்களே, பூவில் அமரும் சிட்டைப் படம் எடுங்கள். கூட்டில் இருக்கும் சிட்டை விட்டுவிடுங்கள். நாம் அதனை அச்சுறுத்தாதிருந்தால், நாளைக் காலையும் அது நம் கொல்லைக்கு வரும். பொறுமை உடையோர்க்கு நல்ல படமும் தானே வந்து சேரும்.