உங்களுக்குத் தெரியுமா? ஜெராக்ஸுக்குப் பின்னே 21 ஆண்டுக் காத்திருப்பு

ஜெராக்ஸ் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன், நியூயார்க்கில் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்தவர். ஆவணங்களுக்குப் பிரதி எடுத்தே சலித்துப்போனவர்.

1938 அக்டோபர் 22, நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதி. கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கார்ல்சனும் அவருடைய உதவியாளரும் துணியால் தேய்த்து மின்னேற்றினார்கள். '10-22-38 ASTORIA' என்று மையால் எழுதிய கண்ணாடியை அதன்மேல் வைத்து விளக்கொளியைப் பாய்ச்சினார்கள். பொடியைத் தூவி ஊதியதும் எழுத்துகள் தகட்டில் நின்றன. மெழுகுத்தாளை அழுத்தி எடுத்தபோது உலகின் முதல் ஜெராக்ஸ் பிரதி கையில் இருந்தது!

காப்புரிமை 1942-இல் கிடைத்தது. ஆனால் ஐபிஎம் உட்பட 20-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கையை விரித்துவிட்டன. 1944-இல் பேட்டல் ஆய்வு நிறுவனமும், பிறகு ஹேலாய்டு என்ற சிறு கம்பெனியும் கைகொடுத்தன. ஹேலாய்டின் ஜெராக்ஸ் 914 இயந்திரம் அறிமுகமானது 1959-இல்.

அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமையின் ஆயுள் 17 ஆண்டு. இயந்திரம் வந்த அதே ஆண்டில் கார்ல்சனின் மூலக் காப்புரிமை காலாவதியானது! ஹேலாய்டைக் காப்பாற்றியவை, செலினியம் பூச்சு போன்ற அடுத்தடுத்த மேம்பாடுகளுக்குத் தனித்தனியே வாங்கி வைத்திருந்த காப்புரிமைகள்தான். வாடகைத் திட்டமும் பெரிதும் உதவியது: மாதம் 95 டாலர், முதல் 2,000 பிரதிகள் அதிலேயே அடக்கம்.