பெயர் மாறினால் மருந்து மாறாது!

திராட்சை, வெள்ளரி, மிளகாய், நெல் எனப் பல பயிர்களில் இன்று அதிகம் தெளிக்கப்படும் பூஞ்சாணக்கொல்லிகள் அசாக்ஸிஸ்ட்ரோபின், டிரைபிளாக்ஸிஸ்ட்ரோபின், பைராக்ளோஸ்ட்ரோபின். ஒன்று கேட்கவில்லை என்றால் கடையில் அடுத்ததை வாங்கித் தெளிக்கிறோம். ஆனால், இவை மூன்றும் பூஞ்சாணத்தில் ஒரே இடத்தைத்தான் தாக்குகின்றன. அந்த இடம் எது எனத் தெரிந்துகொண்டால் வீண் செலவைத் தவிர்க்கலாம்.

சுவாசத்துக்கான நொதி

உணவிலிருந்து ஆற்றல் கிடைக்க, செல்லுக்குள் எலக்ட்ரான்கள் கைமாற வேண்டும். இதற்கு நடுவில் நின்று உதவுவது 'சைட்டோகுரோம் பிசி1' என்ற நொதி. இது சவ்வில் பதிந்திருக்கும். ரோடோபாக்டர் என்ற பாக்டீரியா ஆக்ஸிஜன் இருந்தால் சுவாசிக்கும். ஆக்ஸிஜன் இல்லாமல் வெளிச்சம் மட்டும் இருந்தால் ஒளிச்சேர்க்கை செய்யும். இரண்டுக்கும் இதே நொதிதான். மாட்டின் நொதியில் 11 புரதங்கள் உண்டு. ரோடோபாக்டரில் மூன்று முக்கியப் புரதங்களே அந்த வேலையைச் செய்கின்றன. இந்த எளிய நொதியின் முப்பரிமாண அமைப்பு 2004-ல் வெளியானது. அதன் மையப்பகுதி மாட்டிலும் பூஞ்சாணத்திலும் இருப்பதைப் போன்றதே.

மருந்து உட்காரும் குழி

குயினோல் என்ற மூலக்கூறு வந்து எலக்ட்ரான்களை இறக்கிவைக்க இந்த நொதியில் ஒரு குழி உண்டு. ஸ்ட்ரோபின் மருந்து அதில் முந்தி உட்கார்ந்துகொள்ளும். எலக்ட்ரான் நகராது, ஆற்றல் கிடைக்காது, பூஞ்சாண வித்து முளைக்காது. இந்த மருந்து வகைக்கு மூலம் ஒரு காட்டுக் காளான். தன் விஷம் தன்னையே கொல்லாதபடி அந்தக் காளானின் நொதியில் சிறு மாற்றங்கள் உள்ளன.

நோய்ப் பூஞ்சாணமும் அதே வழியைக் கற்றுக்கொள்கிறது. குழியை ஒட்டி 143-வது இடத்தில் உள்ள கிளைசின் என்ற அமினோ அமிலம் அலனைனாக மாறினால் போதும், மருந்து உட்கார இடம் இருக்காது. இந்த மருந்துகள் 1996-ல் சந்தைக்கு வந்தன. 1998-லேயே ஜெர்மனியில் கோதுமைச் சாம்பல் நோயில் எதிர்ப்புத்திறன் தெரிந்தது. இப்படி மாறிய பூஞ்சாணத்துக்கு அளவை இரட்டிப்பாக்கினாலும் பயனில்லை. ஒரு ஸ்ட்ரோபினுக்குத் தப்பியது மற்ற ஸ்ட்ரோபின்களுக்கும் தப்பும்.

என்ன செய்யலாம்?

* வாங்கும்போது பிராண்டைப் பார்க்காமல், சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். 'ஸ்ட்ரோபின்' என முடிபவை எல்லாம் ஒரே வகை. கிரெசாக்ஸிம் மெத்தில் மருந்தும் இதில் சேரும்.

* நோய் வருமுன் அல்லது தொடக்கத்திலேயே தெளியுங்கள். முற்றிய பிறகு தெளித்தால் எதிர்ப்புத்திறன் விரைவில் உருவாகும்.

* தனியாகத் தெளிக்காமல், வேறு வகை மருந்து கலந்த தயாரிப்பைத் தேர்ந்தெடுங்கள். கூட்டு மருந்தும் அந்த நோய்க்குக் கேட்க வேண்டும். டெபுகோனசோல், டைபெனகோனசோல் போன்றவை சாம்பல் நோய்க்கு உதவும். அடிச்சாம்பல் நோய்க்கு உதவாது.

* அடுத்த தெளிப்புக்கு மான்கோசெப் போன்ற வேறு வகைக்கு மாறுங்கள்.

* பரிந்துரைத்த அளவைக் குறைக்காதீர்கள்.

* எந்த மருந்து, எந்தத் தேதியில் என்று நோட்டில் குறித்து வையுங்கள். நோய் கட்டுப்படாவிட்டால் வேளாண் அலுவலரிடம் முதலில் அந்தக் குறிப்பைக் காட்டுங்கள்.