அப்பா ஒளிந்திருக்கும் சொற்கள்

செமினியில் சனிக்கிழமைதோறும் படிவம் ஐந்து மாணவர்களுக்கு ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். எஸ்.பி.எம். தேர்வு நெருங்கினால் அங்கே ஒரு சடங்கு நடக்கும். இருபது புதிய சொற்களைப் பலகையில் எழுதுவேன். மாணவர்கள் ஒவ்வொன்றையும் பத்து முறை எழுதிக்கொண்டு வருவார்கள். அடுத்த வாரம் கேட்டால் பாதி மறந்து போயிருக்கும்.

ஒரு சனிக்கிழமை, பட்டியலில் பேட்ரியட், எக்ஸ்பேட்ரியட், ரிப்பேட்ரியேட் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வந்துவிட்டன. முன் வரிசை மாணவி ஒருத்தி பேனாவை மூடி வைத்தாள்.

"சார், மூனும் ஒரே மாதிரி இருக்கு. நூறு தடவை எழுதினாலும் குழம்பத்தான் போகுது."

அவள் சொன்னது சரிதான். அவை ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணமும் உண்டு. பட்டியலை அழித்துவிட்டு ஒரே ஒரு சொல்லை எழுதினேன்: பத்தெர். லத்தீன் மொழியில் அதற்குத் 'தந்தை' என்று பொருள்.

அந்த ஒரு தந்தைக்கு ஆங்கிலத்தில் எத்தனை பிள்ளைகள் என்று பாருங்கள். தந்தைவழி உறவு பட்டர்னல். தந்தை விட்டுச் செல்லும் சொத்து பேட்ரிமனி. தந்தையைப் போல் ஆதரிப்பவர் பேட்ரன். நம் சங்கங்கள் 'புரவலர்' என்று அழைப்பது அவரைத்தான். பார்த்துப் பின்பற்றத்தக்க முன்மாதிரி என்ற பொருளும் பேட்ரனுக்கு ஒரு காலத்தில் இருந்தது. அந்தப் பொருளே பிரிந்து, எழுத்து மாறி, பேட்டர்ன் ஆனது. கணிதத் தாளில் எண் வரிசைக்குப் பேட்டர்ன் தேடும்போதும் நாம் ஓர் அப்பாவைத்தான் தேடுகிறோம்.

"அப்போ மேட்ரிமனி, சார்?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது.

நல்ல கேள்வி. லத்தீனில் தாய்க்கு 'மாத்தெர்' என்று பெயர். பத்தெரிலிருந்து வந்த பேட்ரிமனிக்குச் சொத்து என்று பொருள். மாத்தெரிலிருந்து வந்த மேட்ரிமனிக்குத் திருமணம் என்று பொருள். பழைய ரோமில் குடும்பத் தலைவர் உயிரோடு இருக்கும்வரை, வளர்ந்து மணமான மகனுக்குக்கூடச் சட்டப்படி தனிச்சொத்து கிடையாது. அந்த வீட்டின் சட்டம் மாறி நூற்றாண்டுகள் பல ஆகிவிட்டன. சொற்கள் மட்டும் அதை இன்னும் சுமந்துகொண்டிருக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'ஃபாதர்' என்ற சொல்லும் பத்தெரிலிருந்து வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது பத்தெரின் பிள்ளை அல்ல, உடன்பிறப்பு. லத்தீனில் 'ப' ஒலி வரும் இடத்தில் ஆங்கிலம் போன்ற ஜெர்மானிய மொழிகளில் 'ஃப' ஒலி வரும். லத்தீனின் 'பிஸ்கிஸ்' ஆங்கிலத்தில் 'ஃபிஷ்'; பத்தெர் 'ஃபாதர்'. இந்த ஒலி மாற்றத்தை 1822இல் விதியாக விளக்கியவர் யாக்கோப் கிரிம். தம்பியோடு சேர்ந்து தேவதைக் கதைகளைத் தொகுத்த அதே கிரிம்தான். சமஸ்கிருதத்திலிருந்து தமிழுக்கு வந்த 'பிதா'வும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. தந்தை, அப்பா என்பவை நம் சொந்தச் சொற்கள். தமிழ் வேறு மொழிக் குடும்பம்.

ஆனாலும் பத்தெர் நம் வீட்டுக்குள்ளும் வந்திருக்கிறார். லத்தீன் பத்தெர் போர்த்துக்கீசிய மொழியில் 'பாத்ரே' ஆனது. போர்த்துக்கீசியர் கப்பலேறி வந்தபோது அவர்களுடைய சமயகுருமாரின் பெயரும் கூடவே வந்தது. தமிழில் அது 'பாதிரியார்'. 1511இல் அவர்கள் பிடித்த மலாக்காவைக் கொண்ட இந்நாட்டின் மலாய் மொழியில் 'பாதெரி'.

உங்கள் அடையாளக் கார்டை எடுத்துப் பாருங்கள். பெயருக்கு நடுவே 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' இருக்கும். அனாக் லெலாக்கி, அனாக் பெரம்புவான். இன்னாரின் மகன், இன்னாரின் மகள். இப்படித் தந்தை பெயரைச் சேர்த்துக்கொள்வதற்குப் பேட்ரோனிமிக் என்று பெயர். இந்தச் சொல் கிரேக்க வழியில் வந்தது. கிரேக்கத்திலும் தந்தை 'பத்தேர்'தான். நாளை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மனுச் செய்யும்போது 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் அப்பா பெயரை எழுதுவீர்கள். பிறகு விரிவுரையாளர் உங்களை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திகைக்க வேண்டாம்.

இப்போது அந்த மூன்று சொற்களுக்கு வருவோம். பத்தெரிலிருந்து 'பாத்ரியா' பிறந்தது: தந்தையரின் நாடு. அந்த நாட்டை நேசிப்பவர் பேட்ரியட். 'எக்ஸ்' என்றால் வெளியே. நாட்டைவிட்டு வெளியே வாழ்பவர் எக்ஸ்பேட்ரியட். 'ரீ' என்றால் மீண்டும்; சொந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புவது ரிப்பேட்ரியேட். பத்து முறை எழுதத் தேவையில்லை. முன்னொட்டைப் பார்த்தாலே போதும்.

வகுப்பு அத்துடன் முடிந்திருக்கும். அதே மாணவி மறுபடியும் கை தூக்கினாள்.

"சார், இங்க யூனிவர்சிட்டில இருக்கிற வெள்ளைக்கார லெக்சரர எல்லாரும் எக்ஸ்பேட்ரியட்னு சொல்றாங்க. எங்க பிளாட்டுக்குக் கீழ இருக்கிற நேப்பாள அண்ணனுங்களும் நாட்ட விட்டுத்தானே வந்திருக்காங்க? அவங்கள மட்டும் ஏன் ஃபாரின் வொர்க்கர்னு சொல்றாங்க?"

அகராதிப்படி பார்த்தால் இருவரும் ஒன்றுதான். சம்பளத்தைப் பார்த்துத்தான் நாம் சொல்லை மாற்றுகிறோம். அதை அவளிடம் அப்படியே சொன்னேன்.

ரிப்பேட்ரியேட் என்ற சொல்லுக்கு உதாரணம் கேட்டார்கள். என் தாத்தாவின் தம்பியைப் பற்றிச் சொன்னேன். அவர் பிறந்தது உலு லங்காட்டில் ஒரு ரப்பர் தோட்டத்தில். பிறப்புப் பத்திரம் இல்லை. அதனால் குடியுரிமையும் இல்லை. 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றது. ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேறினார்கள். 1970இல் சின்னத் தாத்தாவும் போர்ட் சுவெட்டன்ஹாமில் ஒரு டிரங்குப் பெட்டியோடு ரஜூலா கப்பலில் ஏறினார். இன்றைய போர்ட் கிள்ளான்தான் அது.

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து அவர் நீலநிற ஏரோகிராம் எழுதுவார். "அங்கே மழையா? மரம் வெட்டப் போனீர்களா?" என்றுதான் ஒவ்வொரு கடிதமும் தொடங்கும். இந்தியாவை அவர் அதற்குமுன் பார்த்ததே இல்லை. ஒரு முறைகூடப் போகாத ஊருக்கு எப்படி 'மீண்டும்' போவது?

இது அவர் ஒருவருடைய கதை மட்டுமல்ல. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தம், இலங்கை மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அவர்களிலும் பலர் இலங்கையில் பிறந்தவர்கள். தமிழ்நாட்டில் அவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் வைத்தார்கள். லத்தீன் தந்தையைச் சொன்ன இடத்தில் தமிழ் தாயைச் சொல்கிறது. மலாய்மொழியோ 'தானா ஆயர்' என்கிறது, மண்ணும் நீரும். சின்னத் தாத்தாவின் கடிதங்களை நினைத்தால் எனக்கு மலாய்ச் சொல்தான் பொருத்தமாகப் படுகிறது. அவர் விசாரித்ததெல்லாம் இந்த மண்ணையும் மழையையும்தான்.

வகுப்பு முடியுமுன் மூன்று சொற்களையும் வைத்து ஆளுக்கு மூன்று வாக்கியம் எழுதச் சொன்னேன். பயிற்சிப் புத்தகங்களைத் திருத்தும்போது அந்த மாணவியின் வாக்கியம் ஒன்று கண்ணில் பட்டது. 'எங்கள் பிளாட்டுக்குக் கீழே மூன்று எக்ஸ்பேட்ரியட்டுகள் குடியிருக்கிறார்கள். அவர்கள் நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். இலக்கணப் பிழை இல்லை. பொருள் பிழையும் இல்லை. பெரிதாக ஒரு சரி போட்டேன்.

மாணவர்களே, அடுத்த முறை சொற்பட்டியல் கையில் கிடைத்தால் உடனே எழுதத் தொடங்காதீர்கள். முதலில் அதன் அப்பா யார் என்று கேளுங்கள்.