கண்ணுக்குத் தெரிந்த கணினி

பொறியியல் கல்லூரியில் சேரும் மாணவர் எந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்தாலும், முதலாண்டில் கணினி அறிமுகப் பாடத்தை எதிர்கொள்ள நேர்கிறது. தமிழ்வழியில் பள்ளிக் கல்வி முடித்து வருவோர் பலருக்கு இப்பாடம் தொடக்கத்தில் மலைப்பைத் தருகிறது. வன்பொருள், மென்பொருள், நினைவகம், இயங்குதளம் என்று சொற்கள் அடுக்கடுக்காக வருகின்றன. கையிலுள்ள கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அவற்றுள் ஒன்றும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எல்லாம் சின்னஞ்சிறு சிப்புகளுக்குள் அடங்கிவிட்டன.

ஆகவே, உறுப்புகள் தனித்தனியே கண்ணுக்குத் தெரிந்த ஒரு கணினியிலிருந்து தொடங்குவது நலம். அத்தகைய கணினி நம் நாட்டில் முதன்முதலாக நிறுவப்பட்ட நகரம் கொல்கத்தா.

பராநகரில் ஒரு தொடக்கம்

பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1931-இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம், கொல்கத்தாவின் வடபுறத்தில் பராநகரில் உள்ளது. 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பும், இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திற்கான ஆய்வுகளும் அங்கே மலைபோல் எண்களைக் குவித்தன. மேசைக் கணக்கு எந்திரங்களைக் கொண்டு மனிதர்களே அவற்றைக் கணக்கிட்டு வந்தனர். அவ்வேகம் போதவில்லை.

1953-இல் அந்நிறுவனத்தின் சமரேந்திர குமார் மித்ரா, பத்து மாறிகளைக் கொண்ட ஒருங்கமைச் சமன்பாடுகளைத் தீர்க்கும் சிறிய அனலாக் கணினி ஒன்றை உருவாக்கினார். அனலாக் முறையில் எண்ணின் இடத்தில் மின்னழுத்தம் போன்ற ஓர் அளவு நிற்கும்; பாதரச வெப்பமானியைப் போல அது தொடர்ச்சியாக ஏறி இறங்கும். டிஜிட்டல் முறையோ சில்லறையை எண்ணுவது போன்றது. ஒன்று, இரண்டு என எண்ணலாம். இடைப்பட்ட நிலை இல்லை. இன்றைய கணினிகள் அனேகமாக அனைத்தும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

நாட்டின் முதல் டிஜிட்டல் கணினியும் இங்கேயே வந்தது. ஆண்ட்ரூ பூத் என்னும் ஆங்கிலேய அறிஞரின் வடிவமைப்பைத் தழுவி, இங்கிலாந்தின் பிரிட்டிஷ் டேபுலேட்டிங் மெஷின் நிறுவனம் தயாரித்த ஹெச்.இ.சி.-2எம் என்னும் அக்கணினி 1955-இல் கொல்கத்தாவுக்கு வந்து, 1956-இல் செயல்படத் தொடங்கியது. பழைய வானொலிப் பெட்டிகளில் ஒளிர்ந்த வால்வுகளே அதன் கணக்கிடும் உறுப்புகள்.

சுழலும் நினைவகம்

உள்ளீடு, நினைவகம், செயலகம், வெளியீடு ஆகிய நான்கும் எந்தக் கணினிக்கும் அடிப்படை. ஹெச்.இ.சி.-2எம் கணினியின் நினைவகம், காந்தப் பூச்சுடைய ஒரு சுழலும் உருளை. அதில் 1,024 சொற்களைப் பதிந்து வைக்கலாம். இங்கே ‘சொல்’ என்பது கணினி ஒரே வீச்சில் கையாளும் எண்ணின் அளவைக் குறிக்கும்.

ஆயிரம் என்று முழுமையாக இல்லாமல் 1,024 என்று இருப்பது ஏன்? கணினிக்குத் தெரிந்த இலக்கங்கள் பூச்சியமும் ஒன்றும் மட்டுமே. பத்து இரண்டுகளைப் பெருக்கினால் 1,024. எனவே பத்து இரும இலக்கங்களைக் கொண்டு 1,024 இடங்களுக்குத் தனித்தனி முகவரி தரலாம். இன்றும் நினைவக அளவுகள் 8, 16, 32 என்று இரட்டிப்பதன் காரணம் இதுவே.

உருளை நினைவகத்தில் ஒரு தொல்லை உண்டு. வேண்டிய இடம், படிக்கும் முனைக்கு நேராக வரும்வரை செயலகம் காத்திருக்க வேண்டும். திருவிழா ராட்டினத்தில் நமக்குரிய பெட்டி கீழே வரும்வரை நிற்பதைப் போன்றது அது. ஆகையால் அக்கால நிரலாளர்கள், ஒரு கட்டளை முடியும் தறுவாயில் அடுத்த கட்டளை முனைக்கு நேராக வந்து சேருமாறு இடம் பார்த்துப் பதிவது வழக்கம்.

இக்காத்திருப்பைப் போக்கவே சுழலாத நினைவகங்கள் வந்தன. மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் உருவாகி 1960-இல் செயல்பாட்டுக்கு வந்த கணினியில் 2,048 சொற்கள் கொள்ளும் காந்த வளைய நினைவகம் இருந்தது. 1962-இல் அதற்கு டிஃப்ராக் என்று பெயரிட்டவர் பிரதமர் நேரு. கொல்கத்தாவிலும் புள்ளியியல் நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் இணைந்து, வால்வுகளை விடுத்து டிரான்சிஸ்டர்களால் அமைத்த ஐ.எஸ்.ஐ.ஜே.யு.-1 கணினி 1966-இல் இயங்கத் தொடங்கியது.

இன்றைய கணினியில் நினைவகம் வேறு, சேமிப்பகம் வேறு. வங்கிக் கிளையைக் கொண்டே இதை விளங்கிக்கொள்ளலாம். ரேம் எனப்படும் நினைவகம் எழுத்தரின் மேசை. வேலைக்குரிய தாள்கள் மட்டும் அதில் இருக்கும். ஹார்டு டிஸ்க், எஸ்.எஸ்.டி. போன்ற சேமிப்பகம் ஆவண அறை. இடம் மிகுதி, எடுத்து வர நேரமும் மிகுதி. மின்சாரம் நின்றால் மேசை வெறுமையாகிவிடும். ஆவண அறை அப்படியே இருக்கும்.

ஆகவேதான் ஒரு கணக்கிலிருந்து 5,000 ரூபாயை எடுத்து மற்றொன்றில் சேர்க்கும்போது, செய்யவிருக்கும் மாற்றத்தின் குறிப்பு முதலில் சேமிப்பகத்தில் பதியப்படுகிறது. இடையில் மின்சாரம் தடைப்பட்டாலும், மீண்டும் இயங்கும்போது அக்குறிப்பைக் கொண்டு பற்றும் வரவும் இரண்டுமே நிறைவேறும். அல்லது இரண்டுமே நீக்கப்படும். ஒன்று மட்டும் நடந்து மற்றொன்று நிற்க இடமில்லை.

கட்டளை என்னும் மென்பொருள்

தொட்டறியத்தக்கது வன்பொருள், அதற்கு இடப்படும் கட்டளைகளின் தொகுப்பு மென்பொருள். ஹெச்.இ.சி.-2எம் காலத்தில் கட்டளைகளை எண்களாகவே எழுத வேண்டியிருந்தது. ‘இந்த இடத்திலுள்ள எண்ணை எடு, அந்த இடத்திலுள்ளதைக் கூட்டு, விடையை இங்கே வை’ என்ற ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு.

1957-இல் ஐ.பி.எம். வெளியிட்ட ஃபோர்ட்ரான் போன்ற நிரல் மொழிகள் அச்சுமையைக் குறைத்தன. ஏறத்தாழக் கணிதச் சூத்திரம் போலவே எழுதலாம். அதை எண் கட்டளைகளாக மாற்றும் பணியைத் தொகுப்பி என்னும் மென்பொருளே செய்துகொள்ளும். 1963-இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு ஐ.பி.எம். 1620 கணினி வந்தபோது மாணவர்கள் இம்மொழியில் பயிற்சி பெற்றனர். 1973-இல் ஜெர்மனியின் உதவியால் ஐ.பி.எம். 370 கணினி சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு வந்து சேர்ந்தது.

நினைவகத்தையும் செயலகத்தையும் பல நிரல்களுக்குப் பகிர்ந்தளிக்கும் மென்பொருளே இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியவை அவ்வகையின. கைப்பேசியில் உள்ள வங்கிச் செயலி இதன்மேல் இயங்கும் பயன்பாட்டு மென்பொருள்.

எல்லை தெரியாவிட்டால் என்ன ஆகும்?

கணினி தனக்கு இடப்பட்ட கட்டளையை மட்டுமே செய்யும். அதையும் தன் அளவுக்கு உட்பட்டே செய்யும். இந்த இரண்டையும் சேர்த்து அறிந்தவரே நல்ல பொறியாளர்.

ஒரு கணக்கின் இருப்பைப் பைசாக்களில் 16 இரும இலக்கங்களில் வைப்பதாகக் கொள்வோம். குறி உட்பட அதில் அடங்கும் மிகப்பெரிய எண் 32,767. அதாவது, 327 ரூபாய் 67 பைசாவுக்கு மேல் இருப்பை எழுத இயலாது. 32 இலக்கங்கள் தந்தால் உச்சவரம்பு சுமார் 2 கோடியே 14 லட்சம் ரூபாய். வீட்டுக் கணக்குக்கு அது போதும். ஒரு நிறுவனத்தின் கணக்குக்குப் போதாது.

பின்னங்களிலும் இத்தகைய சிக்கல் உண்டு. பத்தடிமானத்தில் மூன்றில் ஒரு பங்கை 0.333 என்று முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போக வேண்டும். இரும முறையில் பத்தில் ஒரு பங்குக்கே அந்த நிலை. எனவே பல நிரல் மொழிகளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் விடை 0.30000000000000004 என்று வரும். கோடிக்கணக்கான வட்டிக் கணக்கீடுகளில் இவ்வாறு சேரும் துணுக்குகள் பேரேட்டைப் பொருந்தாமல் செய்துவிடும். அதனால் நிதித்துறை மென்பொருளில் தொகையை முழுப் பைசாக்களாகவோ, பத்தடிமான எண் வகையிலோ வைப்பதே முறை.

1996-ஆம் ஆண்டு ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன்-5 ராக்கெட் புறப்பட்ட முதல் நிமிடத்திற்குள்ளேயே சிதறியது. 64 இலக்கங்களில் இருந்த ஓர் எண்ணை 16 இலக்கங்களுக்குள் திணிக்க முயன்ற கட்டளையே அழிவைத் தொடங்கி வைத்தது. ஏரியன்-4 ராக்கெட்டில் பிழையின்றி இயங்கிய மென்பொருள் அது. புதிய ராக்கெட்டின் வேகம் அந்த எல்லையைக் கடந்துவிட்டது.

மடிக்கணினி வாங்கும் முன்

இவ்வறிவு இல்லச் செலவுக்கும் உதவும். விலை மிகுந்த மடிக்கணினி இருந்தால்தான் படிக்க முடியும் என்று எண்ணிப் பல பெற்றோர் கடன்சுமையைக் கூட்டிக்கொள்கின்றனர். முதலாண்டு நிரல் பயிற்சிக்கு 8 ஜிபி நினைவகமும் எஸ்.எஸ்.டி. சேமிப்பகமும் உள்ள எளிய கணினி போதுமானது. பின்னர் நினைவகத்தைக் கூட்டிக்கொள்ள வசதி உண்டா என்று கேட்டறிந்து வாங்குங்கள். சிலவற்றில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். வரைபடப் பணிகள் மிகுந்த பிரிவினர் துறை ஆசிரியரின் கருத்தைக் கேட்ட பின் முடிவு செய்யலாம். படிப்புக்குத் தேவையான கணினியின் நியாயமான விலையைக் கல்விக் கடனில் சேர்க்கவும் இடமுண்டு. விவரங்களைக் கிளையில் கேட்டறியலாம்.

வாங்கிய கணினியில் முதல் நாளே செய்யத்தக்க பயிற்சி ஒன்று உண்டு. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டும் சிறு நிரலை எழுதி இயக்கிப் பாருங்கள். வரும் விடை ஏன் அவ்வாறு வந்தது என்பதை வீட்டிலுள்ளோருக்கு விளக்க முடிந்தால், முதலாண்டுப் பாடத்தின் பெரும்பகுதி உங்கள் வசமாகிவிட்டது.