கூரையில் ஏறுமுன் காப்புறுதியைப் பாருங்கள்

மாரி மழை தொடங்குமுன் ஓடு மாற்றுவதும் சீற் போடுவதும் எமது கிராமங்களில் வழக்கம். கொந்தராத்துக்காரரிடம் எவ்வளவு செலவு, எத்தனை நாளில் முடியும் என்று இரண்டு கேள்விகள் கேட்கிறோம். வேலையாள் ஒருவர் விழுந்தால் யார் பொறுப்பு என்ற மூன்றாவது கேள்வியைப் பலரும் கேட்பதில்லை.

பழைய அஸ்பெஸ்டஸ் சீற் உறுதியாகத் தெரிந்தாலும் ஆளின் பாரம் தாங்காமல் சட்டென உடையும். பாசி பிடித்த ஓடு வழுக்கும். முள்ளந்தண்டு முறிந்த கூலியாளரின் குடும்பம் ஒரே நாளில் வருமானத்தை இழந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேரும் விபத்துக்குத் தொழில்தருநரே நட்டஈடு கொடுக்க வேண்டும் என்கிறது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். காப்புறுதி எடுக்கவில்லை என்பதால் அந்தப் பொறுப்பு நீங்காது. ஆனால் அவர் கையில் பணம் இல்லாவிட்டால் வேலையாளின் உரிமை கடதாசியோடு நின்றுவிடும். ஆகவேதான் காப்புறுதி அவசியமாகிறது.

பார்க்க வேண்டியவை

1. வேலையாள் நட்டஈட்டுக் காப்புறுதி உண்டா? விழும் ஓட்டினால் அயலவருக்கோ வழிப்போக்கருக்கோ நேரும் பாதிப்புக்குப் பொதுப் பொறுப்புக் காப்புறுதி உண்டா? கொந்தராத்துக்காரரின் ஆயுள் காப்புறுதியோ லொறிக் காப்புறுதியோ இவற்றுக்கு ஈடாகாது.

2. பத்திரத்திலுள்ள பெயர் உங்களோடு உடன்படிக்கை செய்பவரின் பெயர்தானா? நிழற்பிரதி போதாது, மூலப் பத்திரத்தைக் கேளுங்கள்.

3. வேலை முடியும் நாள்வரை அது செல்லுபடியாகுமா? கட்டணம் செலுத்திய பற்றுச்சீட்டு உண்டா?

4. உயரத்தில் செய்யும் வேலை விலக்கப்பட்டுள்ளதா? நாட்கூலிக்கு வருபவர்களும் அடங்குவார்களா?

5. காப்புறுதிக் கம்பனியின் கிளையில் பத்திர இலக்கத்தைக் கூறி நீங்களே விசாரியுங்கள். அக்கம்பனி இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

காப்புறுதி இல்லாவிட்டால்?

சிறிய அளவில் வேலை செய்யும் பலரிடம் காப்புறுதி இருப்பதில்லை. அதற்காக உள்ளூர்த் தொழிலாளரை ஒதுக்கிவிட வேண்டாம். அந்த வேலைக்கு மட்டும் காப்புறுதி பெற முடியுமா என்று கம்பனியில் விசாரித்து, அதன் கட்டணத்தை மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். வாசிகசாலைக்கோ பொது மண்டபத்துக்கோ கூரை போடும் சங்கங்கள், விலை கோரும்போதே இதை நிபந்தனையாக வைக்கலாம். மிகக் குறைந்த விலை சொல்பவர் காப்புறுதிக் கட்டணத்தை விட்டுவிட்டுத்தான் அப்படிச் சொல்கிறாரா என்று பாருங்கள். நாம் மிச்சம் பிடிக்கும் அந்தப் பணத்துக்காக ஆபத்தைச் சுமப்பவர் கூரையில் நிற்கும் கூலியாளரே.

காப்புறுதி விபத்தைத் தடுக்காது. சீற்றின் மேல் நேரே மிதிக்காமல், தீராந்திகளுக்குக் குறுக்கே பலகை போட்டு நடக்க வேண்டும். ஏணியைக் கட்டி நிறுத்த வேண்டும். இடுப்புக் கயிறு வேண்டும். ஈரக் கூரையில் எவரையும் ஏற்றக்கூடாது. இவற்றையும் உடன்படிக்கையில் எழுதி, இருவரும் கையொப்பமிட்ட பின்னரே வேலையைத் தொடங்குங்கள்.