கையெழுத்து இல்லாத கடிதம்

அகந்தை என்றதும் செருக்கும் தற்பெருமையுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் ரமண மகரிஷியின் உபதேசத்தில் அது, உடலையும் பெயரையும் குலத்தையும் ‘நான்’ என்று பற்றிக்கொள்ளும் அடிப்படை எண்ணத்தைக் குறிப்பதால், மிகுந்த பணிவுடையவரிடமும் அது குறையாமல் இருக்கக்கூடும். அந்த எண்ணம் எங்கிருந்து எழுகிறது என்று தேடிச் சென்று, அது ஒடுங்கும் இடத்தில் நிலைப்பதையே அவர் ஞானம் என்றார்.

1896-ஆம் ஆண்டு ஜூலை மாதம், மதுரையில் சிற்றப்பா வீட்டு மாடியில் இருந்த 16 வயது வேங்கடராமனை (பின்னாளில் ரமணர் ஆனவரை)த் திடீரென மரணபயம் பற்றியபோது, அவர் யாரையும் உதவிக்கு அழைக்காமல், கைகால்களை விறைத்து நீட்டிப் படுத்து, உதடுகளை இறுக மூடிக்கொண்டு, இந்த உடல் சுடுகாட்டில் எரிந்தால் தாமும் இறந்துவிடுவோமா என்று தமக்குள் ஆராய்ந்தார். ஆறு வாரங்கள் கழித்து, ஆகஸ்ட் 29 அன்று, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தரப்பட்ட 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதியுடன் ஒரு கடிதத்தை வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். தன்மையில் தொடங்கும் அக்கடிதம் அடுத்த வாக்கியத்திலேயே எழுதியவரை ‘இது’ என்று அஃறிணையில் சுட்டுகிறது. கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடுதான் இருக்கிறது. ஆயினும் கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை என்பதை அது மறவாமல் தெரிவிக்கிறது. தன் பெயரையே விட்டவர் அண்ணனுக்குரிய பொறுப்பை விடவில்லை என்பதில்தான் இக்கடிதத்தின் முழு அருமையும் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்குப்பின், வருவாய்த்துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை, மலையில் பேசாதிருந்த அவரிடம் கேட்ட கேள்விகளும், அவர் எழுதிக்காட்டிய விடைகளுமே ‘நான் யார்?’ என்ற சிறுநூலுக்கு மூலமாயின. அதில் விளக்கப்படும் ஆன்ம விசாரம் என்பது, ஓர் எண்ணம் எழும்போது இது யாருக்கு எழுந்தது என்று வினவி, ‘எனக்கு’ என்று தோன்றியதும் கவனத்தை அந்த ‘நான்’மீதே திருப்புவதாகும்; கேள்வியை மந்திரம்போல உருவேற்றுவது விசாரம் ஆகாது.

கடல் கடந்து லண்டன் இந்த வழியை அறிந்துகொண்டது புத்தகங்கள் மூலமே: அந்நகரில் பிறந்த பால் பிரண்டன் 1934-இல் வெளியிட்ட பயண நூலும், அங்கேயே பிறந்த ஆர்தர் ஆஸ்போர்ன் 1954-இல் வெளியிட்ட வரலாறும் ரமணரை ஆங்கில வாசகரிடம் கொண்டு சேர்த்தன. ஆனால் லண்டனின் தென்கோடியில் உள்ள சட்டனில் வாழும் தமிழருக்கு இதே உபதேசம் வேறொரு தயக்கத்தைத் தரக்கூடும். ஊரை இழந்து வந்தவர்களுக்கும், பிள்ளைகளின் நாவில் தமிழைத் தக்கவைக்கப் பாடுபடுபவர்களுக்கும், அடையாளத்தை விடு என்பது இன்னோர் இழப்பாகவே கேட்கும்.

அந்தத் தயக்கம் நியாயமானது. ஆனால் ரமணர் அத்தகைய இழப்பைக் கேட்கவில்லை. இல்லறத்தைத் துறக்க அனுமதி வேண்டியவர்களை அவர் பெரும்பாலும் ஊக்குவிக்கவில்லை. இடத்தையும் உடையையும் மாற்றினாலும், ‘நான் குடும்பஸ்தன்’ என்ற எண்ணத்தின் இடத்தில் ‘நான் சந்நியாசி’ என்ற எண்ணம் வந்து அமரும் என்பதே அவர் காட்டிய காரணம். அவரோ ஆசிரமச் சமையலறையில் விடியுமுன் காய்கறி நறுக்கினார். மொழியையும் அவர் விட்டுவிடவில்லை; அகந்தையின் தோற்றத்தையும் ஒடுக்கத்தையும் ஆராயும் ‘உள்ளது நாற்பது’ நூலை 1928-இல் தமது தாய்மொழியில், தமிழ் யாப்பிலேயே கட்டுப்பாடு மிகுந்த வெண்பாவில் இயற்றினார்.