சாதன மரமும் தொடக்கப் பின்னடைவும்

சாதன மரம் (டிவைஸ் ட்ரீ) என்பது ஒரு கணினிப் பலகையில் உள்ள வன்பொருள்களை லினக்ஸ் கருனிக்கு விவரிக்கும் தரவுத் தொகுப்பு ஆகும். இவ்விவரிப்பில் ஏற்படும் மாற்றத்தாலோ, கருனி அதற்குப் பொருள் கொள்ளும் முறையில் ஏற்படும் மாற்றத்தாலோ, முன்பு ஒழுங்காக இயங்கிய கருவி தொடங்காமல் நின்றுவிடுவது தொடக்கப் பின்னடைவு எனப்படும். திசைவிகள், தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகள், ராஸ்பெரி பை போன்ற சிறு பலகைகள் முதலிய உட்பொதி கணினிகளில் இவ்வழு தோன்றுகிறது.

வரலாறு

மேசைக் கணினியில் யூ.எஸ்.பி. வழியே இணைக்கப்படும் சாதனம் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக் கொள்ளும். உட்பொதி சில்லில் உள்ள பெரும்பாலான சாதனங்களுக்கு அவ்வசதி இல்லை. அவற்றின் நினைவக முகவரி, குறுக்கீட்டு எண், கடிகாரம், மின்வழங்கி ஆகியவற்றைக் கருனிக்கு எவரேனும் சொல்லியாக வேண்டும்.

ஏ.ஆர்.எம். செயலிகளுக்கு இத்தகவல் நீண்டகாலம் பலகைதோறும் தனித்தனிச் சி நிரலாக எழுதப்பட்டது. இவ்வாறு பெருகிய நிரலை லினஸ் டோர்வால்ட்ஸ் 2011 மார்ச்சில் கடுமையாகக் குறை கூறினார். அதன்பின் ஏ.ஆர்.எம். பலகைகள் சாதன மரத்துக்கு மாறத் தொடங்கின. இக்கருத்து புதியதன்று. 1994ஆம் ஆண்டின் ஐ.இ.இ.இ. 1275 சீர்தரமான ஓப்பன் ஃபர்ம்வேரிலேயே இது இடம்பெற்றிருந்தது.

செயற்படும் விதம்

மர வடிவில் எழுதப்பட்ட மூல உரை, டி.டி.சி. என்னும் தொகுப்பியால் இருமக் கோப்பாக்கப்படுகிறது. யூ-பூட் போன்ற தொடக்க ஏற்றி, கருனியையும் இக்கோப்பையும் நினைவகத்தில் ஏற்றி, கோப்பு இருக்கும் முகவரியைக் கருனிக்கு அளிக்கிறது. ஒவ்வொரு கணுவிலும் உள்ள 'கம்பாட்டிபிள்' என்னும் பண்பைப் பார்த்து, பொருத்தமான சாதனச் செலுத்தியைக் கருனி தேர்ந்தெடுக்கிறது. ஆகவே சாதன மரம், வன்பொருளுக்கும் கருனிக்கும் இடையிலான ஓர் ஒப்பந்தம் போன்றது. பழைய சாதன மரத்துடனும் புதிய கருனி இயங்க வேண்டும் என்பது கருனி உருவாக்குநர்களின் பொதுக் கொள்கை.

எடுத்துக்காட்டுகள்

நினைவட்டை எண்கள்: 2020 திசம்பரில் வெளியான 5.10 பதிப்பில், நினைவட்டைச் செலுத்திகள் ஒரே நேரத்தில் இணையாகத் தொடங்கும்படி மாற்றப்பட்டன. அதனால், இரு நினைவகங்கள் கொண்ட பலகைகளில் எது 0, எது 1 என்னும் வரிசை மாறக்கூடியதாயிற்று. எண்ணை நம்பி மூலக் கோப்பு முறைமையைத் தேடிய கருவிகள் அதனைக் காணாமல் நின்றன. சாதன மரத்தில் மாற்றுப்பெயர் வழியே எண்ணை நிலைப்படுத்துவதும், எண்ணுக்குப் பதிலாகப் பகிர்வின் தனி அடையாளத்தைக் குறிப்பிடுவதும் இதற்குத் தீர்வுகள்.

ஈதர்நெட் தாமதம்: ஆர்.ஜி.எம்.ஐ.ஐ. இணைப்பில் தரவுக்கும் கடிகாரத் துடிப்புக்கும் இடையே ஏறத்தாழ 2 நானோநொடி தாமதம் தேவை. 'தாமதம் சேர்க்க வேண்டாம்' எனப் பொருள்படும் சொல்லைச் சில பலகைகளின் சாதன மரம் தவறாகக் கொண்டிருந்தது. சில்லின் இயல்பமைப்பே தாமதத்தைச் சேர்த்ததால் பிழை வெளித்தெரியவில்லை. 2019இல் ஏதரோஸ் செலுத்தி அச்சொல்லை உள்ளபடியே பின்பற்றத் தொடங்கியதும் அப்பலகைகளில் பிணையம் அறுந்தது. பிணையம் வழியே கோப்புகளைப் பெறும் பலகை இந்நிலையில் தொடங்கவே இயலாது. இங்கு மாறியது கருனி. பிழை இருந்தது விவரிப்பில்.

கண்டறியும் முறை

1. தொடர் முனையத்தை இணைத்து, 'இயர்லிகான்' தெரிவைச் சேர்க்க வேண்டும். வழக்கமான முனையச் செலுத்தி எழுவதற்கு முன்னரே செய்திகள் கிடைக்கும். திரையில் எதுவும் வராததால் கருனி இயங்கவில்லை என்று முடிவு செய்தல் தவறு. முனையத்தின் விவரிப்பே பழுதாகியிருக்கலாம்.

2. புதிய கருனியைப் பழைய மரத்துடன் இயக்கிப் பார்க்க வேண்டும். தொடங்கினால் ஐயம் புதிய மரத்தின் மீது விழும். தொடங்காவிடில் கருனியின் மீது விழும். பழைய கருனி புதிய மரத்துடன் இயங்காமை மட்டும் வழுவுக்குச் சான்றாகாது.

3. இரு இருமக் கோப்புகளையும் டி.டி.சி. கொண்டு மீண்டும் உரையாக்கி ஒப்பிட வேண்டும். தொடக்க ஏற்றி நினைவக அளவு முதலியவற்றைத் திருத்தக்கூடும் என்பதால், வட்டில் உள்ள மரமும் கருனி பெற்ற மரமும் வேறுபடலாம்.

4. ஒரு செலுத்தி தனக்குத் தேவையான கடிகாரம் அல்லது மின்வழங்கிக்காகக் காத்திருந்து தள்ளிப்போடப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். ஒரு கணு விடுபட்டாலும் அதனைச் சார்ந்தவை அனைத்தும் நின்றுவிடும்.

5. இவற்றாலும் புலப்படாவிடில், கிட் மென்பொருளின் இருகூறாக்கித் தேடும் வசதியைப் பயன்படுத்தலாம். 10,000 மாற்றங்களுக்குள் குற்றவாளியைக் காண ஏறத்தாழ 14 சோதனைகள் போதும்.

சக்தி செயலி

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான சக்தி செயலி, ரிஸ்க்-வி கட்டளைத் தொகுதியைச் சார்ந்தது. 2018இல் இன்டெல்லின் 22 நானோமீட்டர் நுட்பத்தில் ஆக்கப்பட்ட அதன் சில்லில் லினக்ஸ் இயங்கியது. ரிஸ்க்-வி உட்பொதி அமைப்புகளும் சாதன மரத்தையே பயன்படுத்துகின்றன. இத்தகைய செயலிகளை எஃப்.பி.ஜி.ஏ. பலகைகளில் மாற்றியமைத்துச் சோதிக்கலாம். அங்கு வன்பொருளே மாறக்கூடியது. வடிவமைப்பில் ஒரு முகவரியை மாற்றிவிட்டுச் சாதன மரத்தைத் திருத்த மறந்தால் கருனி வெற்றிடத்தைத் தொட முயலும்.

தொலைவிடக் கருவிகள்

மேசைமேல் உள்ள பலகை நின்றால் நினைவட்டையை மாற்றினால் போதும். பழனி மலைத்தொடரில், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானல் போன்ற ஊரில் மழையளக்கும் கருவி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். தொலைவிலிருந்து செய்த மேம்படுத்தலால் அது தொடங்காமற் போனால், ஒருவர் மலையேறிச் செல்லும் வரை அந்நாட்களின் அளவீடு இல்லை. அதனைப் பின்னர் மீட்கவும் இயலாது.

எனவே இத்தகைய கருவிகளில் கருனியும் சாதன மரமும் ஒரே பொதியாக, இரு படிகளாக வைக்கப்படுகின்றன. புதிய படி சிலமுறை தொடங்கத் தவறினால், காவற்கடிகாரம் கருவியை மீளத் தொடங்கச் செய்ய, யூ-பூட் தன் எண்ணிக்கையைப் பார்த்துப் பழைய படிக்குத் திரும்புகிறது. கருனியை மட்டும் பழையதாக்கிச் சாதன மரத்தைப் புதியதாகவே விட்டுவிட்டால் இப்பாதுகாப்பு பயன்படாமற் போகலாம்; இரண்டும் சேர்ந்தே திரும்ப வேண்டும்.